கறவை மாட்டுத் தீவனத்தில் புரத அளவு

கறவை மாட்டுத் தீவனத்தில் புரத அளவு என்பது, கறவை மாடு நாள்தோறும் உண்ணும் தீவனத்தின் உலர்பொருளில் (ஈரம் நீக்கிய எடையில்) எத்தனை விழுக்காடு புரதம் உள்ளது என்பதைக் குறிக்கும். பால் சுரப்பு, மாட்டின் உடல்நலம், தீவனச் செலவு, சுற்றுச்சூழல் ஆகிய நான்கும் இவ்வளவோடு தொடர்புடையவை. புரதம் குறைந்தால் பால் குறையும். ஆனால் ஒரு வரம்புக்கு மேல் கூட்டினால் பால் கூடுவதில்லை. மிகுதி பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது.

அளவிடும் முறை

தீவனத்திலுள்ள நைட்ரஜனின் அளவைக் கண்டறிந்து, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரத அளவு கணக்கிடப்படுகிறது. புரதங்களில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதே இதற்குக் காரணம் (100 ÷ 16 = 6.25). நைட்ரஜனை அளக்க, டென்மார்க்கு வேதியியலாளர் யோகான் கெல்டால் 1883 இல் வெளியிட்ட முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இவ்வாறு பெறப்படும் மதிப்பு கச்சாப் புரதம் எனப்படும். புரதமல்லாத சேர்மங்களின் நைட்ரஜனும் இதில் சேர்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, 46 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட யூரியாவில் புரதமே இல்லை. எனினும் இக்கணக்குப்படி அதன் கச்சாப் புரதம் 287 விழுக்காட்டைத் தாண்டும்.

சில தீவனங்களின் தோராயமான கச்சாப் புரத அளவு (உலர்பொருளில்):

* நெல் வைக்கோல் – 3 முதல் 5 விழுக்காடு
* மக்காச்சோளம் – 8 முதல் 10 விழுக்காடு
* குதிரைமசால் – 17 முதல் 22 விழுக்காடு
* சோயாப் பிண்ணாக்கு – 44 முதல் 50 விழுக்காடு

அசையூண் வயிற்றில் நிகழ்வன

மாட்டின் அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தின் பெரும்பகுதியைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. பின்னர் அதே அம்மோனியாவைக் கொண்டு தம் உடற்புரதத்தை உருவாக்குகின்றன. இந்நுண்ணுயிர்கள் சிறுகுடலை அடைந்து செரிக்கப்படும்போது, மாட்டுக்குத் தேவையான அமினோ அமிலங்களில் பெரும்பங்கு கிடைக்கிறது. சிதையாமல் அசையூண் வயிற்றைக் கடந்து செல்லும் தீவனப் புரதம் எஞ்சியதை அளிக்கிறது. பின்லாந்து அறிவியலாளர் அர்த்தூரி விர்த்தனன், புரதமே இல்லாத தீவனத்துடன் யூரியாவும் அம்மோனியம் உப்புகளும் அளித்தாலும் பசுக்கள் பால் தரும் என்பதை 1966 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

நுண்ணுயிர்கள் அம்மோனியாவைப் பயன்படுத்த மாவுப்பொருள்களிலிருந்து ஆற்றல் வேண்டும். அது போதாதபோது மிகுதியான அம்மோனியா குருதியில் கலந்து, கல்லீரலில் யூரியாவாக மாற்றப்படுகிறது. இதில் ஒரு பகுதி உமிழ்நீர் வழியாகவும் அசையூண் வயிற்றின் சுவர் வழியாகவும் மீண்டும் பயன்பாட்டுக்கு வருகிறது. எஞ்சியது சிறுநீரிலும், சிறிதளவு பாலிலும் வெளியேறுகிறது.

அளவை மாற்றிச் செய்த ஆய்வு

அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் நடந்து 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், ஓல்சுட்டீன் பசுக்களுக்கு 13.5, 15.0, 16.5, 17.9, 19.4 விழுக்காடு என ஐந்து அளவுகளில் கச்சாப் புரதம் அளிக்கப்பட்டது. மக்காச்சோளத்தைக் குறைத்து, சோயாப் பிண்ணாக்கைக் கூட்டி இவ்வளவுகள் பெறப்பட்டன. பால் சுரப்பு 16.5 விழுக்காட்டில் உச்சத்தை எட்டியது. அதற்கு மேல் கூட்டியதால் பயன் ஏற்படவில்லை. உண்ட நைட்ரஜனில் பாலாக மாறிய பங்கு 36.5 விழுக்காட்டிலிருந்து 25.4 விழுக்காடாகக் குறைந்தது. சிறுநீரில் வெளியேறிய நைட்ரஜனோ நாளொன்றுக்கு 113 கிராமிலிருந்து 257 கிராமாக உயர்ந்தது.

குறைவின் விளைவுகள்

புரதம் மிகக் குறைந்தால் நுண்ணுயிர்களின் பெருக்கம் தடைப்படும். நார்ப்பொருள் செரிப்பதும், மாடு உண்ணும் அளவும், பாலும் குறையும். வைக்கோலை மட்டுமே உண்ணும் மாடுகளில் இதைக் காணலாம். கன்று ஈன்ற தொடக்க வாரங்களில் புரதத் தேவை மிகுதியாதலால் அப்போது குறைப்பது தீங்கானது.

மிகுதியின் விளைவுகள்

புரதம் தீவனத்தின் விலை மிகுந்த கூறுகளுள் ஒன்றாதலால், மிகுதி உழவருக்கு நேரடி இழப்பாகும். சிறுநீரிலுள்ள யூரியா, சாணத்திலுள்ள யூரியேசு நொதியால் சிதைந்து அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. நெதர்லாந்தில் இதனைக் குறைக்க, கறவை மாட்டு அடர்தீவனத்தின் புரத அளவுக்குத் தற்காலிக வரம்பு விதிக்க 2020 இல் அரசு முனைந்தது. மாடுகளின் நலன் கெடும் என உழவர்கள் எதிர்த்தனர். அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

சரியான அளவை அறிதல்

பாலிலுள்ள யூரியாவை அளந்து, மாடு பெறும் புரதம் மிகுதியா குறைவா என மதிப்பிடலாம். மேற்கூறிய ஆய்வில் பாலின் யூரியா நைட்ரஜன் 100 மில்லிலீட்டருக்கு 7.7 மில்லிகிராமிலிருந்து 15.6 மில்லிகிராமாக உயர்ந்தது. எல்லா மாடுகளுக்கும் பொருந்தும் ஒரே அளவு இல்லை. பால் சுரப்பு, ஈன்ற பின் கழிந்த காலம், தீவனத்தின் ஆற்றல் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறுபடும்.

இவற்றையும் பார்க்க

* அசைபோடும் விலங்குகள்
* நைட்ரஜன் சுழற்சி
* பிண்ணாக்கு