லெஸ்ரர் நகரும் அம்மைப்பாற் சட்டமும்

பெரியம்மை என்னும் கொடுநோய் ஐரோப்பிய நாடுகளில் அரண்மனை, குடிசை என்ற வேறுபாடின்றிப் புகுந்து உயிர் குடித்த காலமொன்று இருந்தது. உயிர் தப்பியோரும் முகத்தில் வடுவோடும், சிலர் பார்வையிழந்தும் எஞ்சிய நாளைக் கழித்தனர். அந்நோய்க்கு இலக்காயினோருள் மிகப் பெருந்தொகையினர் குழந்தைகளே. ஆதலால், தடுப்புமுறை ஒன்று தோன்றிய நாள்தொட்டு, அதனை ஏற்பதா விடுப்பதா என்னும் வினா பெற்றோரின் வினாவாகவே இருந்து வந்துள்ளது. துருக்கி நாட்டுக்கு ஆங்கிலத் தூதுவராய்ச் சென்றவரின் மனைவி மேரி வோட்லி மொன்ரேகு அம்மையார் அந்நாட்டு வழக்கைக் கண்டு, அம்மைக் கொப்புளத்து நீரையே கீறிப் புகட்டும் முறையினை 1718ஆம் ஆண்டிலே தம் மகனுக்கும், 1721இல் இலண்டனிலே தம் மகளுக்கும் செய்வித்தார். அதற்கு மாறாக, பெஞ்சமின் பிராங்கிளின் 1736இல் நான்கு வயது மகனைப் பெரியம்மைக்கு இழந்தார். மகனுக்கு அதனைச் செய்வியாது விட்டதை எண்ணி நெடுங்காலம் வருந்தியதாகத் தம் வரலாற்று நூலிலே குறித்துள்ளார். இவ்விருவரும் தாமே தெளிந்து தாமே முடிவு செய்தவர்கள். பெற்றோர்க்கு உரியதாயிருந்த அம்முடிவை அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டபொழுது நிகழ்ந்தது யாது என்பதை அறிவதற்கு இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள லெஸ்ரர் நகரத்து வரலாறு பெரிதும் உதவும்.

1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், பேர்க்கிளி என்னும் ஊரில் வைத்தியராயிருந்த எட்வேட் ஜென்னர், மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்ணொருத்தியின் கையிலிருந்து எடுத்த நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் புகட்டினார். அதன் பின்னர் அச்சிறுவனைப் பெரியம்மை பற்றவில்லை. பழைய முறையிலும் ஆபத்துக் குறைந்த இவ்வம்மைப்பால் சில ஆண்டுகளுக்குள்ளேயே உலகின் பல பாகங்களுக்கும் சென்றது. ஆங்கிலப் பாராளுமன்றம் 1840இல் இதனை இலவசமாக்கியது. பழைய முறையைத் தடையும் செய்தது. 1853இல் இயற்றப்பெற்ற சட்டமோ, பிறந்து மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மைப்பால் குத்துவித்தல் வேண்டுமெனப் பெற்றோரைக் கட்டாயப்படுத்தியது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. பிள்ளைக்குப் பதினான்கு வயது நிறையும்வரை, மறுக்கும் பெற்றோரை மீண்டும் மீண்டும் நீதிமன்றுக்கு அழைத்துத் தண்டிக்க அது இடங்கொடுத்தது. ஒரு குற்றத்துக்கு ஒருமுறையே தண்டனை என்னும் பொது நெறி இங்கே கைவிடப்பட்டது. 1871இல் ஊர்தோறும் இதற்கென உத்தியோகத்தரை நியமித்தலும் கட்டாயமாயிற்று.

சட்டத்தை நடத்தும் பொறுப்பு ஏழைகள் பராமரிப்புச் சபையாரிடம் விடப்பட்டிருந்தமை கவனிக்கத்தக்கது. அச்சபையாரின் பெயரைக் கேட்டாலே தொழிலாளர் முகஞ்சுழித்தனர். வறியோரைத் தருமவிடுதியில் அடைத்து, கணவனை ஓரிடத்தும் மனைவியை ஓரிடத்தும் வைத்தவர்கள் அவர்களே. அவர்கள் வழியாக வந்த எந்த நன்மையும் நன்மையாகத் தோன்றாதது வியப்பன்று.

அக்காலத்து அம்மைப்பால் குத்தும் முறையையும் அறிந்தாலன்றிப் பெற்றோரின் அச்சத்தை விளங்கிக்கொள்ளல் இயலாது. இன்றுள்ள நுண்ணிய ஊசி அன்று இல்லை. குழந்தையின் புயத்தில் கத்தி முனையாற் பல இடங்களிற் கீறிப் பாலைத் தடவினர். எட்டாம் நாள் தாய் குழந்தையைத் திரும்பவும் கொண்டுவருதல் வேண்டும். அன்று வைத்தியர் அக்குழந்தையின் கொப்புளத்தைத் திறந்து, அதிலிருந்து நீரை எடுத்து, வரிசையிற் காத்திருக்கும் ஏனைய குழந்தைகளுக்கு ஏற்றுவார். பணம் படைத்தோர் தம் வீட்டுக்கே வைத்தியரை அழைத்து, தாம் விரும்பிய குழந்தையின் பாலைத் தெரிந்துகொள்ளலாம். ஏழைத் தாய்க்கு அவ்வுரிமை இல்லை. எவர் பெற்ற பிள்ளையின் இரத்தமோ, அதில் என்ன நோய் மறைந்துள்ளதோ என்று அவள் அஞ்சினாள். அவ்வச்சம் வெறும் கற்பனையும் அன்று. 1861இல் இத்தாலியிலுள்ள றிவால்ற்றா என்னும் ஊரில் ஒரு குழந்தையிலிருந்து தொடங்கி இவ்வாறு ஏற்றிய பாலினால் நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது. இங்கிலாந்திலும் அத்தகைய தொற்று உண்டென்பதை 1871இல் ஜொனதன் ஹச்சின்சன் என்னும் பேர்பெற்ற வைத்தியர் எடுத்துக்காட்டினார். அதுகாறும் அப்படி நிகழவே நிகழாதென உறுதி கூறிய வைத்தியர் பலரின் சொல்லுக்கு அதன்பின் மதிப்புக் குறைந்தது.

லெஸ்ரர் காலுறை நெசவும் சப்பாத்துத் தொழிலும் மிகுந்த நகரம். அரசாங்கத் திருச்சபையை ஏற்காது தனித்து நின்று வழிபட்ட கிறித்தவர் அங்கே பெருந்தொகையினர். மனச்சான்றுக்கு மாறான சட்டத்துக்குப் பணிதல் பாவம் என்னும் எண்ணம் அவர்தம் பாட்டன் காலந்தொட்டு ஊறியது. கோடைகாலத்து வயிற்றோட்டத்தாற் குழந்தைகள் இறப்பதிலும் அந்நகரம் பேர்போனது. மூன்று மாதக் குழந்தைக்கு அம்மைப்பால் குத்திய சில நாளில் அக்குழந்தை வேறொரு நோயால் இறந்தாலும், தாயின் மனம் முன்னதையே பின்னதற்குக் காரணமாகக் கொண்டது. அவளுக்கு வேறு விளக்கம் கூறுவோரும் இல்லை.

பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் நடந்த போரினைத் தொடர்ந்து ஐரோப்பா முழுவதும் பரவிய பெரியம்மை 1871, 1872ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. லெஸ்ரரில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்நகரத்துக் குழந்தைகளுட் பெரும்பாலோர் சட்டப்படி அம்மைப்பால் குத்தப்பெற்றவர்களாய் இருந்தும் நோய் வந்ததே என்று மக்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே, அதிலிருந்து அவர்கள் கண்ட முடிவுதான் பிழையானது. ஒருமுறை குத்தினால் ஆயுள்முழுதும் காக்கும் என்று ஜென்னர் நம்பினார். உண்மையில் அதன் வலிமை ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். ஜேர்மனியர் இதனை உணர்ந்து, 1874இல் இயற்றிய சட்டத்திலே பன்னிரண்டு வயதில் மறுமுறையும் குத்துதலைக் கட்டாயமாக்கினர். ஆங்கிலச் சட்டமோ கைக்குழந்தையோடு நின்றுவிட்டது. குறையுள்ள சட்டத்தை முழுக் கடுமையோடு நடத்தியதே ஆங்கில அரசாங்கம் செய்த பெருந்தவறு எனலாம்.

1869இல் லெஸ்ரரில் அம்மைப்பால் எதிர்ப்புச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டில் இரண்டாக இருந்த வழக்குகளின் தொகை 1881இல் 1,154 ஆக உயர்ந்தது. குற்றப்பணம் இருபது சிலிங்வரை செல்லும்; அது தொழிலாளர் பலரின் ஒரு கிழமை ஊதியத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது. கட்ட மறுத்தோரின் தளபாடங்களைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விற்றனர். விற்கப் பொருளற்றோர் சிறை சென்றனர். வசதியுள்ளவன் குற்றப்பணத்தைச் செலுத்திவிட்டுத் தன் கொள்கையைக் காத்துக்கொள்ள, வசதியற்றவன் கட்டிலையும் மேசையையும் இழந்தான். ஏலம் விடப்படும் பொருள்களை அயலவர் வாங்க மறுத்ததும், ஏலக்காரர் கூச்சலுக்கு அஞ்சி ஓடியதும் அக்காலத்து நிகழ்ச்சிகள்.

இவ்வெதிர்ப்பு 1885ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள் உச்சநிலை எய்தியது. அன்று லெஸ்ரர் வீதிகளிலே திரண்டோர் எண்பதினாயிரம் பேருக்குக் குறையாதவர் எனக் கணக்கிடப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் எதிர்ப்புச் சங்கத்தார் கொடிகளோடு வந்தனர். சிறை சென்ற பெற்றோர் ஊர்வலத்திற் சென்றனர். குழந்தையின் சவப்பெட்டி ஒன்று சுமந்து செல்லப்பட்டது. ஜென்னரின் உருவப் பொம்மை தூக்கிலிடப்பட்டது. கலகமின்றி ஒழுங்காய் நடந்தேறியமையே அதன் வலிமையாயிற்று. அடுத்த ஆண்டில் எதிர்ப்பாளர் பராமரிப்புச் சபையிற் பெரும்பான்மை பெற்றனர், வழக்குகள் நின்றன. 1890ஆம் ஆண்டுகளில் அந்நகரத்திற் பிறந்த குழந்தைகளுள் அம்மைப்பால் குத்தப்பெற்றோர் மிகச் சிலரே.

எனினும், லெஸ்ரர் மக்கள் நோயைத் தடுக்க எதுவும் செய்யாதிருந்தனர் என எண்ணுதல் தவறு. 1877 தொடக்கம் நகரசபையார் வேறொரு முறையை வகுத்து நடத்தி வந்தனர். பெரியம்மை கண்டவுடன் சபைக்கு அறிவித்தல் வேண்டும். நோயாளி அன்றே தனி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுவார். அவரோடு வாழ்ந்த குடும்பத்தார் வேறாக வைத்துக் கண்காணிக்கப்படுவர். வீடும் ஆடையும் கிருமி நீக்கப்படும். தனித்து வைக்கப்பட்டோர் இழந்த கூலிக்குச் சபை ஈடு கொடுத்தது. தம் பிள்ளையின் புயத்தைத் தீண்ட விடாத தொழிலாளர், தம்மைப் பதினான்கு நாளளவில் அடைத்து வைப்பதற்கு இசைந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. முன்னது அயலாரின் ஆணை. பின்னது தாமே தெரிந்தெடுத்த சபையின் ஏற்பாடு. 1892, 1893ஆம் ஆண்டுகளில் நோய் திரும்பவும் வந்தபோது லெஸ்ரரில் இறந்தோர் ஏறத்தாழ இருபதின்மரே. எதிர்ப்பாளர் இதனை வெற்றிமுரசாகக் கொட்டினர். ஆனால் நோயாளரைத் தொட்டுப் பணி செய்த வைத்தியரும் தாதியரும் அம்மைப்பாலாற் காக்கப்பட்டவர்கள் என்பதை அவர்கள் அவ்வளவாய்ப் பேசவில்லை.

பேசாது விட்டதன் விலையை வேறோர் ஊர் கொடுத்தது. ஜென்னர் பிறந்த மாகாணத்தின் தலைநகராகிய குளோஸ்ரரிலும் சபையார் வழக்குத் தொடர்வதைக் கைவிட்டிருந்தனர். ஆயினும் லெஸ்ரரின் விழிப்பான தனிப்படுத்தல் முறை அங்கே இல்லை. 1895, 1896ஆம் ஆண்டுகளில் அந்நகரைப் பெரியம்மை பற்றியது. நோயுற்றோர் ஏறத்தாழ 2,000 பேர். இறந்தோர் 434 பேர். இறந்தவருட் பெரும்பாலார் அம்மைப்பால் குத்தப்படாத சிறுபிள்ளைகள். வைத்தியசாலையில் இடம் போதவில்லை. அதுவரை மறுத்து நின்ற பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வைத்தியரை நாடி ஓடினர். சில மாதங்களுக்குள் நகர மக்களுட் பெரும்பாலோர் அம்மைப்பால் குத்துவித்துக்கொண்டனர். லெஸ்ரரை மட்டும் எடுத்துரைப்போர் குளோஸ்ரரை மறைத்தலும், குளோஸ்ரரை மட்டும் எடுத்துரைப்போர் லெஸ்ரரை மறைத்தலும் அன்றுமுதல் வழக்கமாயின.

இதனிடையே 1889இல் ஹேர்ஷல் பிரபுவின் தலைமையில் அமைந்த அரச ஆணைக்குழு ஏழாண்டுகள் சாட்சியம் கேட்டது. அம்மைப்பால் பெரியம்மையைத் தடுக்கும் ஆற்றலுடையதென்று 1896ஆம் ஆண்டு அறிக்கையில் அது ஐயமின்றித் தீர்மானித்தது. அதே வேளையில் ஒரே பெற்றோரைத் திரும்பத் திரும்பத் தண்டிப்பதைக் கைவிடுமாறும் கூறியது. எதிர்ப்பாளர் பக்கத்திலும் அறிஞர் இல்லாமலில்லை. டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தெரிவுக் கொள்கையைக் கண்ட அல்பிரட் ரசல் வல்லஸ் அவர்களுள் ஒருவர். ஒரு துறையிற் பேரறிஞராயிருத்தல் மறு துறையிலும் தெளிவைத் தராது என்பதற்கு அவர் எழுதியவை சான்றாகும்.

1898இல் வந்த புதிய சட்டம் புயத்திலிருந்து புயத்துக்குப் பால் ஏற்றுவதை ஒழித்து, கன்றிலிருந்து எடுத்துத் தூய்மை செய்த பாலையே பயன்படுத்தச் செய்தது. தாயார் பலருடைய பேரச்சம் இதனாலேயே நீங்கிற்று. நாற்பது ஆண்டு முந்தியிருந்தால் எத்தனையோ வழக்குகள் எழுந்தேயிரா. மனச்சான்றின்படி மறுக்கும் பெற்றோர் இரு நீதவான்களின் முன் தோன்றித் தம் நம்பிக்கை உண்மையென நிறுவினால் விலக்குப் பெறலாமெனவும் அச்சட்டம் விதித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு விலக்குப் பத்திரம் வழங்கப்பெற்றது. மனச்சான்று எதிர்ப்பாளர் என்னும் தொடர் ஆங்கிலச் சட்ட வழக்கில் வேரூன்றியது இச்சட்டத்தினாலேயே. படைச்சேவையை மறுத்தோருக்கு அது முதலாம் உலகப் போரின்போதே வழங்கலாயிற்று. நீதவான்கள் சிலர் விண்ணப்பித்தோரை எள்ளி நகையாடினர். தந்தையே சட்டப்படி பெற்றோர் ஆவார் எனக் கூறித் தாயை வெறுங்கையோடு அனுப்பினோரும் உளர். எட்டாம் நாள் குழந்தையைச் சுமந்து வந்தவள் அவள்; புண்ணுக்கு மருந்திட்டு இராமுழுதும் விழித்தவளும் அவளே. 1907இல் வந்த திருத்தம் நீதவான் விசாரணையை நீக்கி, சத்தியக் கூற்று ஒன்றே போதுமென்றது. அதன்பின் மறுப்போர் தொகை ஆண்டுதோறும் பெருகிற்று.

1901இல் லெஸ்ரருக்குச் சுகாதார வைத்திய அதிகாரியாய் வந்த கிலிக் மில்லாட் கட்டாய முறையில் நம்பிக்கை கொண்டவராயே வந்தார். அங்கே பணியாற்றிய அனுபவத்தினால், கைக்குழந்தைகளைக் கட்டாயப்படுத்துதல் வேண்டற்பாலதன்று என 1914இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நோயாளியோடு பழகியோருக்கு அம்மைப்பால் குத்துதலின் பயனை அவர் ஒருபொழுதும் மறுக்கவில்லை. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபொழுது இங்கிலாந்திற் கட்டாயம் சட்டத்திலிருந்தே அகன்றது.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 1967இல் உலகெங்கும் பெரியம்மையை ஒழிக்கும் முயற்சியைத் தீவிரப்படுத்தியபோது, நோயாளியைத் தேடிக் கண்டு தனித்து வைத்தலும், அவரைச் சூழ்ந்தோர் யாவருக்கும் உடனே அம்மைப்பால் குத்துதலும் ஒருங்கே கையாளப்பட்டன. 1977ஆம் ஆண்டு ஒக்டோபரில் சோமாலியாவின் மேர்க்கா நகரில் வைத்தியசாலைச் சமையற்காரர் ஒருவருக்குக் கண்ட நோயே இயற்கையாய்த் தொற்றிய கடைசிப் பெரியம்மை. வைத்தியசாலையில் வேலை செய்தும் அவர் தடுப்பின்றியே இருந்தார். அவரோடு பழகியோரை வீடுவீடாகத் தேடிக் கண்டு அம்மைப்பால் குத்தினர். அவரிடமிருந்து வேறொருவருக்கும் அது பரவவில்லை.