எதிரியின் பெயரை எங்கே எழுதுவது?

ஹார்வர்டு பல்கலைக்கழகம் என்றதும் நம்மில் பலருக்குத் தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டிய கதைதான் ஞாபகம் வரும். எனக்கோ கொஞ்ச நாளாக அந்த வளாகத்தில் இருக்கும் மூன்று பெயர்ப்பட்டியல்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூன்றும் போரில் இறந்த மாணவர்களுடையவை.

முதலாவது மெமோரியல் ஹாலில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) இறந்த 136 பேரின் பெயர்கள், வெள்ளைப் பளிங்குப் பலகைகளில். 1870ல் அடிக்கல் நாட்டி, அந்தப் பத்தாண்டுக்குள் கட்டிய கட்டடம். ஒரு பக்கம் சாப்பாட்டுக் கூடம், மறுபக்கம் கலையரங்கம், நடுவில் இந்தப் பெயர்கள். முதலாண்டு மாணவர்கள் இன்றைக்கும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள்.

அந்த 136 பேரும் வடக்கு மாநிலங்களின் தரப்பில் நின்றவர்கள். தெற்குப் படையில் சேர்ந்து செத்த ஹார்வர்டு மாணவர்களும் அறுபது பேருக்கு மேல் உண்டு. அவர்களில் ஒருத்தர் பெயர்கூடச் சுவரில் இல்லை.

இரண்டாவது பட்டியல் மெமோரியல் சர்ச்சில். 1932 நவம்பர் 11ல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் இறந்த 373 பேர் பெயர் இருக்கிறது. ஜெர்மனிக்காகப் போரிட்டு இறந்த பழைய மாணவர்களை இவர்களோடு சேர்க்கவில்லை. ஆனால் தனியாக லத்தீனில் ஒரு பலகை வைத்தார்கள். எதிர்க்கொடியின் கீழ் நின்று தங்கள் நாட்டுக்காக உயிர்விட்ட பிள்ளைகளையும் ஹார்வர்டு மறக்கவில்லை என்பது அதன் சாரம்.

மூன்றாவது, அதே சர்ச்சில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் சுவர். அதில் அடால்ஃப் சான்வால்ட் என்று ஒரு பெயர். 1920களில் ஹார்வர்டில் இறையியல் படித்த ஜெர்மானியப் போதகர். நாஜிகளை எதிர்த்தவர். ஆனாலும் ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டு ரஷ்யப் போர்முனையில் மாண்டார். அவர் பெயர் மற்றவர்களோடு ஒரே சுவரில்தான் இருக்கிறது. பக்கத்தில் மட்டும், எதிரித் தரப்பில் இறந்தவர் என்று ஒரு சின்னக் குறிப்பு.

அந்நிய எதிரிக்கு இடம் உண்டு, சொந்த நாட்டு எதிரிக்குக் கிடையாதா? இது என்ன நியாயம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. 1990களில் தெற்கு மாணவர்களின் பெயரையும் சேர்க்கலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. கறுப்பின மாணவர்கள் எதிர்த்தார்கள். அது கைவிடப்பட்டது.

என் எண்ணத்தை மாற்றியது அந்த 136ல் ஒரு பெயர்: ராபர்ட் கூல்ட் ஷா. கறுப்பின வீரர்களைக் கொண்ட 54வது மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் தளபதி. 1863 ஜூலை 18ல் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் இறந்தபோது வயது 25. தெற்குப் படையினர் அவரை அவருடைய கறுப்பின வீரர்களோடு ஒரே குழியில் போட்டுப் புதைத்தார்கள். அவமானப்படுத்துகிறோம் என்று நினைப்பு. மகனுக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை, உடலை எடுக்க வேண்டாம் என்றுவிட்டார் அப்பா.

அடிமைமுறையைக் காக்கப் புறப்பட்ட ஒரு படையையும், அதை எதிர்த்து நின்ற ஷாவையும் ஒரே சுவரில் ‘எல்லாரும் நம்ம பசங்கதானே’ என்று எழுதிவிட முடியுமா? முடியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஆனால் இதோடு கணக்கு முடியவில்லை. ஷாவோடு அந்தக் குழியில் கிடந்த வீரர்கள் ஹார்வர்டில் படித்தவர்கள் இல்லை. எனவே கல்லூரிச் சுவரில் அவர்களுக்கு இடமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாஸ்டனில் ஷாவுக்கும் அவர் படைக்கும் 1897ல் சிலை வைத்தார்கள். அதிலும் அந்த வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டது 1980களில்தான்.