தாய்ப்பலகைத் தேர்வு: திருப்பூர் வட்டாரம்

தாய்ப்பலகை என்பது பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி முதலிய உறுப்புகளைத் தாங்கி, அவற்றுக்கு மின்சாரமும் தகவலும் கடத்தும் மின்சுற்றுப் பலகை. கடைவீதியில் இது மதர்போர்டு, சுருக்கமாக போர்டு. ரேம் பழுதானால் ரேமை மட்டும் மாற்றினால் போதும்; போர்டு போனால் கணினி முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்வோர் அதிகம் நிதானிக்க வேண்டிய உறுப்பு இது.

வட்டாரச் சூழல்

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. நிட்டிங், கட்டிங், பவர்டேபிள் கூடங்கள் குடியிருப்புகளை ஒட்டியே இயங்குகின்றன. ஜாப் ஒர்க் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே கணினியில் நடக்கும் வீடுகள் இங்கு உண்டு.

பருத்தி நூலிலிருந்து பறக்கும் பஞ்சு, ஃபேன் இழுக்கும் காற்றோடு கேபினெட்டுக்குள் புகுகிறது. ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் ஹீட்சிங்க் தகடுகளின்மேல் சாம்பல் நிறப் படலம் மெத்தென்று படிந்திருக்கும். விரலால் பற்றி இழுத்தால் துணித்துண்டுபோல் உரிந்து வரும். காற்றுப் போக வழியில்லாமல் சூடு ஏறுவது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தூசி ஈரம் பிடித்து, பலகையின் உலோகக் கால்களை அரிக்கவும் செய்யும்.

பழுதின் வேர்

எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி தரும் 12 வோல்ட்டை, பிராசஸருக்கு வேண்டிய ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைப்பது விஆர்எம் என்னும் பகுதி. போர்டின் ஆயுள் பெரிதும் இதையும் இதிலுள்ள மின்தேக்கிகளையும் பொறுத்தது. 2000-களின் தொடக்கத்தில், தரமற்ற மின்பகுதிரவம் அடைத்த மின்தேக்கிகள் தலை உப்பிக் கசிந்து, உலகெங்கும் ஏராளமான போர்டுகள் வீணாயின. திரவ வகை மின்தேக்கியின் ஆயுள், சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ பாதியாகிவிடும். இன்று பரவலாக உள்ள திட பாலிமர் மின்தேக்கிகள் கசிவதில்லை. சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

தேர்வு முறை

முதலில் பிராசஸரை முடிவு செய்து, அதற்குரிய சாக்கெட் கொண்ட போர்டைத் தேட வேண்டும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 2021-இலும், எல்ஜிஏ 1851 2024-இலும், ஏஎம்டியின் ஏஎம்5 2022-இலும் வந்தன. எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகை உண்டு. ஒன்றின் ரேம் மற்றதில் பொருந்தாது.

பில்லிங், கணக்கு, படிப்பு ஆகியவற்றுக்கு எச்610 அல்லது ஏ620 சிப்செட் கொண்ட போர்டு போதும். பேட்டர்ன் வரைவு, எம்ப்ராய்டரி டிசைன் என நாள் முழுக்க உழைக்கும் கணினிக்கு, விஆர்எம்மின்மேல் ஹீட்சிங்க் உள்ள பி760 அல்லது பி650 போர்டு ஏற்றது. மின்னும் விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை இந்த ஹீட்சிங்குக்குக் கொடுப்பது மேல். அளவில், 244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் வீட்டுக்குப் போதுமானது.

இந்தச் சாக்கெட்டுகளில் மெல்லிய பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. எனவே கடையிலேயே மூடியைத் திறந்து, வளைந்த பின் ஏதும் உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும். பழைய போர்டு வாங்குவோருக்கு இது மிக முக்கியம். சீரியல் எண் எழுதிய பில் கட்டாயம் வேண்டும். இந்தியாவில் புதிய போர்டுகளுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி உண்டு. சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதையும் வாங்கும்போதே கேட்டறிய வேண்டும்.

பராமரிப்பு

எர்த் இல்லாத பிளக்கில் இணைத்த கணினியின் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். அதை அலட்சியம் செய்யாமல் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகே புதுப் போர்டைப் பூட்ட வேண்டும். அக்கம்பக்க மோட்டார்களால் வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருக்களில், தரமான எஸ்எம்பிஎஸ்ஸும் யூபிஎஸ்ஸும் போர்டைக் காக்கும். காற்று நுழையும் வழியில் வலை பொருத்தி, மாதம் ஒருமுறை மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஃபேன் சுழலாமல் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊத வேண்டும்.

பஞ்சு பறக்கும் ஊரில் விலை உயர்ந்த போர்டைவிட, சூடு தாங்கும் எளிய போர்டும் நல்ல எர்த்தும் மாதாந்தரச் சுத்தமுமே நெடுநாள் உழைக்கும்.