பொலிகாளைத் தேர்வில் உடற்குறிகள்: காங்கேயம் இனத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பொலிகாளையைக் கண்ணால் பார்த்துத் தேர்வுசெய்யும் உழவர் முறையைக் கால்நடைக் கல்வி நெடுங்காலம் வெறும் பழக்கமாகவே கருதிவந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. முன்னோர் பார்த்த குறிகள் அனைத்தும் அறிவியலே என்ற பேச்சு வலுத்திருக்கிறது. இவ்விரு நிலைப்பாடுகளையும் என்னால் ஏற்க இயலவில்லை. உழவர் பார்க்கும் உடற்குறிகள் ஒரே தன்மையுடையவை அல்ல. உழைப்போடு தொடர்புடையவை சில, இன அடையாளம் காட்டுபவை சில, நல்லூழ் தீயூழ் நம்பிக்கை சார்ந்தவை சில. இவற்றைப் பிரித்தறியாமல் நாட்டு மாட்டினப் பாதுகாப்பு பற்றிப் பேசுவது பயன் தராது.

மாட்டினங்களைப் பற்றிய நம் ஆவண வரலாறு சென்னையில் தொடங்குகிறது. இன்றைய அசோக் நகரை அடுத்த சைதாப்பேட்டையில் 1865-இல் அரசு மாதிரிப் பண்ணையும் 1876-இல் வேளாண் பள்ளியும் தோன்றின. 1903-இல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. தென்னிந்திய மாட்டினங்களைப் பற்றி 1909-இல் கன் என்ற அதிகாரி எழுதிய நூலும், 1936-இல் லிட்டில்வுட் என்ற அதிகாரி எழுதிய நூலும் காங்கேயம் மாட்டின் இலக்கணத்தை அச்சில் நிலைநிறுத்தின. ஆனால் அந்த இலக்கணத்தை உருவாக்கியவர்கள் அதிகாரிகள் அல்லர். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பமும் கொங்கு நாட்டுக் குடியானவர்களும் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி வைத்திருந்த உருவத்தையே அந்நூல்கள் வருணித்தன.

உழவரின் கண் எப்படி வேலை செய்கிறது? சந்தையில் காளை பார்க்க வந்தவர் முதலில் விலை கேட்பதில்லை. மாட்டை நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்க்கிறார். முன்னங்கால் பதிந்த இடத்தில் பின்னங்கால் விழுகிறதா, முழங்கால்கள் உரசுகின்றனவா என்று கவனிக்கிறார். குளம்பு கறுத்து, இடைவெளி விரியாமல் சேர்ந்திருக்க வேண்டும். மார்பு அகன்று, முன்னங்கால்களுக்கு நடுவே இடம் இருக்க வேண்டும். திமில் ஒருபக்கம் சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். அலைதாடி மெலிந்து நெஞ்சோடு நின்றுவிட வேண்டும், தொப்புள் தோல் தொங்கக் கூடாது. பிறகுதான் வாயைத் திறந்து பல் பிடித்துப் பார்ப்பார். கடைசியாக, தாய் எந்தப் பட்டி என்ற கேள்வி. இந்தக் கேள்விக்கு நிறைவான பதில் கிடைக்காமல் பொலிகாளை வாங்கமாட்டார்கள்.

இக்குறிகள் பயன் தந்ததற்கு வலுவான காரணம் உண்டு. உழவுக்கும் வண்டிக்கும் கிணற்றில் கவலை இறைப்புக்கும் தேவையான திறன் காளையின் உடலிலேயே வெளிப்படும். உடல் அளவுகள் ஓரளவு நன்றாகவே மரபு வழி கடத்தப்படுபவை. எனவே நல்ல கட்டமைப்புள்ள காளையைத் தேர்ந்தால் கன்றுகளிலும் அதன் சாயலை எதிர்பார்க்கலாம். பால் அப்படியன்று. காளை கறப்பதில்லை, அதன் பால் மரபை அதன் தோற்றத்தில் தேடுவது வீண். தாயின் மடியையும் காம்பையும் பார்த்துக் கொஞ்சம் ஊகிக்கலாம். உறுதியாக அறிய மகள்களின் கறவைப் பதிவு வேண்டும். அதாவது, உழவர் கண் தவறான கருவி அன்று. இழுவைத் திறனுக்குப் பொருத்தமான கருவி. கறவை இனங்களை நோக்கிக் கொள்கை திரும்பியபோது அது தன் களத்தை இழந்தது.

ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு கண் உண்டு என்பதையும் மறக்கலாகாது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியும் கொண்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த காங்கேயத்தின் அளவுகோலால் உம்பளச்சேரி மாட்டை அளந்தால் அது குட்டையாகத் தோன்றும். டெல்டாவின் சேற்று வயலில் இறங்கி உழ அந்தக் குட்டை உடலே தகுந்தது.

நிறத்துக்கு வருவோம். காங்கேயம் கன்று சிவலையாகப் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் கொள்கிறது. வளர்ந்த காளைக்குத் தலை, கழுத்து, திமில், தொடைப் பகுதிகளில் கருமை படரும். காயடித்த எருதுக்கு இக்கருமை மங்கிவிடும். ஆகவே திமிலின் கருமையை உழவர் விரும்பியது வெறும் அழகுக்காக என்று நான் கருதவில்லை. ஆண்மைச் சுரப்பு இயங்குவதற்கான, கண்ணுக்குத் தெரியும் சான்று அது. அலங்காரம் என்று ஒதுக்கப்படும் ஒரு குறிக்குள்ளும் உடலியல் உண்மை இருக்கக்கூடும்.

அந்தத் தாராளத்தை, மாட்டின் உடலில் முடி சுழன்று அமையும் சுழிகளுக்கும் நீட்டலாமா? கோபுரச் சுழி, விபூதிச் சுழி, ஏறுபூரான் போன்ற நற்சுழிகள் உடைய மாட்டுக்கு விலை கூடும். பாடைச் சுழி, விலங்குச் சுழி, குடைமேல் குடை, இறங்குபூரான் போன்ற தீச்சுழிகள் என்றால் எவ்வளவு நல்ல உடற்கட்டு இருந்தாலும் வாங்க ஆள் வராது. நெற்றிச் சுழியைப் பொறுத்தவரை ஆய்வு ஆதாரம் ஒன்று உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 1,500 மாடுகளைக் கவனித்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கண்மட்டத்துக்கு மேலே நெற்றிச் சுழி அமைந்த மாடுகள் பிடித்து நிறுத்தும்போது கூடுதலாக மிரண்டன. கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே படலத்திலிருந்து உருவாவதால் இத்தொடர்பு வியப்புக்குரியதன்று. ஆனால் இந்த முடிவு மாட்டின் குணத்தைப் பற்றியது. முதுகில் ஒரு சுழி இருப்பதால் உடையவர் வீட்டில் சாவு விழும் என்பதற்கு அதில் எந்த ஆதரவும் இல்லை. இருப்பதாகக் காட்ட முயல்வது அந்த ஆய்வுக்கும் நம் உழவர்க்கும் செய்யும் அநீதி.

மந்தை பெருகியிருந்த காலத்தில் சுழிக்காக ஒரு காளையை ஒதுக்கியது இனத்தைப் பாதித்திருக்காது. இன்று டிராக்டரும் மோட்டாரும் எருதின் வேலையை எடுத்துக்கொண்டபின், பொலிகாளைகள் அரிதாகிவிட்டன. உடற்குறையற்ற ஒரு காளையைச் சுழியின் பேரால் அடிமாட்டுக்கு அனுப்பும்போது அதன் மரபு முழுவதும் அதோடு போகிறது. எஞ்சிய சில காளைகளே ஊர் ஊராகச் சேர்க்கப்படுவதால் உறவுக் கலப்பு பெருகும். காளையின் தோற்றத்தில் அதன் உறவுமுறை தெரியாது. உழவர் கண்ணுக்கு உள்ள மிகப் பெரிய வரம்பு இதுவே.

அரசும் குற்றமற்றதன்று. 1940-ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கால்நடை அபிவிருத்திச் சட்டம் உரிமம் இல்லாத காளைகளைக் காயடிக்க வகைசெய்தது. பின்னர் சினை ஊசி பரவியபோது, காளையைப் பார்த்தறியும் வாய்ப்பே மாடு வளர்ப்பவர் கையைவிட்டுப் போயிற்று. இனப்பெருக்கக் காளைகளை ஒழுங்குபடுத்தும் 2019 சட்டமும் பதிவையும் சான்றிதழையும் முன்வைக்கிறது. பதிவு தேவைதான். அந்தப் பதிவேட்டில் உழவரின் கணிப்புக்கு ஓர் இடம் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

கால்நடைத் துறை இயக்குநரகமும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியது கடினமானதன்று. குளம்பு, கால் நடை, மார்பு, திமில் ஆகியவற்றுக்கு அனுபவமுள்ள மாட்டுக்காரர்களைக் கொண்டே மதிப்பெண் இடச் செய்யட்டும். தாய், தந்தை விவரத்தையும் பிறந்த கன்றுகளின் வளர்ச்சியையும் அதே அட்டையில் சேர்க்கட்டும். சுழியை விவரமாகக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் காளையையும் தள்ளக் கூடாது. மாடு வளர்ப்போரிடமும் ஒரு வேண்டுகோள்: நல்ல காலும் நல்ல தாயும் உள்ள காளை கையில் இருந்தால், முதுகுச் சுழிக்காக அதை விற்றுவிடாதீர்கள்.