வாக்கும் கடனும்: நத்தர்வலி வளாகத்தில் இரு நவாபுகள்



நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்பாக, மறைந்தவரின் வாரிசு ஒருவர் எழுந்து நின்று, "இவர் எவருக்கேனும் கடன்பட்டிருந்தால் எங்களிடம் தெரிவியுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று அறிவிப்பதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். செல்வந்தர், ஏழை என்ற வேறுபாடு இந்த அறிவிப்பில் இல்லை. நாடாண்டவர்களின் ஜனாஸாவில் இதே கேள்வியை எழுப்பினால் பதில் சொல்ல எத்தனை பேர் வரவேண்டியிருக்கும்? காவிரி டெல்டாவின் தலைவாயிலாகிய திருச்சிராப்பள்ளியில் உள்ள இரு கப்ருகள் இந்தச் சிந்தனையைத் தூண்டுகின்றன.

ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று மரபு கூறும் நத்தர்வலி தர்கா வளாகத்தில் இரண்டு அரசியல் தலைவர்கள் அடங்கியுள்ளனர். ஒருவர் சந்தா சாகிப். மற்றவர் நவாப் முஹம்மது அலி வாலாஜா. ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்காக ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட இவ்விருவரையும் இறுதியில் ஒரே வளாகத்து மண் ஏற்றுக்கொண்டது.

சந்தா சாகிப், ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியின் மருமகன். திருச்சியை ஆண்ட நாயக்க அரசி மீனாட்சிக்குப் பாதுகாப்பளிப்பதாகத் திருக்குர்ஆன் மீது ஆணையிட்டுக் கோட்டைக்குள் நுழைந்த அவர், பின்னர் அவ்வாக்கை மீறி ஊரைக் கைப்பற்றினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அத்துடன் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. ஆனால் கைப்பற்றிய திருச்சி அவரிடம் நிலைக்கவில்லை. 1741இல் மராட்டியர் அவரைச் சிறைப்பிடித்துச் சதாராவுக்குக் கொண்டு சென்றனர். ஏறத்தாழ ஏழாண்டுகள் சிறையில் கழித்து 1748இல் விடுதலை பெற்றார்.

மறு ஆண்டே பிரெஞ்சுக்காரரின் துணையுடன் அவர் ஆம்பூரில் போரிட்டார். அப்போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முஹம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்து, ஆங்கிலக் கம்பெனியின் உதவியை நாடினார். சந்தா சாகிப் கோட்டையை முற்றுகையிட்டார். 1752 ஜூன் மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படை சரணடைய நேர்ந்தது. தப்பிச் செல்ல வழி தேடிய சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியின் உறுதிமொழியை நம்பி அவரிடம் தம்மை ஒப்புவித்தார். அவ்வுறுதிமொழியும் காக்கப்படவில்லை. அவர் வெட்டிக் கொல்லப்பட்டு, தலை முஹம்மது அலியிடம் கொண்டு செல்லப்பட்டது. வாக்கை மீறி வென்ற ஊரின் வாயிலிலேயே, வாக்கை நம்பி அவர் வீழ்ந்தார்.

வெற்றி பெற்ற முஹம்மது அலியின் கதை நம் தஞ்சைத் தரணியை நேரடியாகத் தொட்டது. போருக்குக் கம்பெனி செய்த செலவெல்லாம் அவர் தலையில் கடனாக ஏறிற்று. அதை அடைக்கக் கம்பெனி அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். கடன் வளர்ந்தது, அதனைத் தீர்க்கும் வழியாகச் செழிப்பு மிக்க தஞ்சையின் மீது அவர் பார்வை சென்றது. 1773இல் கம்பெனிப் படையின் துணையுடன் தஞ்சை கைப்பற்றப்பட்டது. மன்னர் துளஜா சிறைப்பட்டார்.

அதன் பின்னர் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் டெல்டாவின் வருவாய் நவாபின் கைக்குச் சென்றது. இங்கிலாந்திலிருந்த கம்பெனி இயக்குநர்களின் ஆணைப்படி, 1776இல் ஆளுநர் பிகட் பிரபு தஞ்சையை மன்னரிடமே திருப்பி அளித்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் முன்வந்து, 2,34,000 பவுன் தமக்கு வரவேண்டும் என்றும், தஞ்சையின் வருவாயும் வயலில் நிற்கும் பயிரும் அதற்கு ஈடு என்றும் உரிமை கோரினார். இதையொட்டி எழுந்த பூசலில் ஆளுநரையே அவருடைய ஆலோசனைச் சபையினர் சிறைவைத்தனர். 1777இல் காவலிலேயே பிகட் இறந்தார்.

நாற்று நட்டவனுக்கும் நவாபின் கடனுக்கும் என்ன தொடர்பு? அவன் கையெழுத்திட்ட பத்திரம் ஏதுமில்லை. ஆயினும் அவன் வயலில் விளைந்த நெல், அவன் முகம் அறியாத ஒருவரின் வட்டிக்கு ஈடாயிற்று. 1785இல் எட்மண்டு பர்க், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்தும் அளவுக்கு இவ்விவகாரம் பெரிதாயிற்று. 1795 அக்டோபரில் வாலாஜா சென்னையில் காலமானார். அவர் காக்க விரும்பிய கர்நாடக அரசு, ஆறே ஆண்டுகளில், 1801இல், கம்பெனியின் கைக்கு மாறியது.

வாலாஜா மறைந்த அதே 1795இல் அவர் குடும்பத்தார் திருவல்லிக்கேணியில் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையாளர்களால் நிறைகிறது. அவ்வளாகத்தில் வேறொரு அரசியல் தலைவர் அடங்கியிருக்கிறார்: 1972 ஏப்ரல் 5 அன்று மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப். அவரிடம் கோட்டையோ படையோ இருந்ததில்லை. அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து, ஆட்சிமொழியாகும் தகுதி தமிழுக்கு உண்டு என்று வாதாடினார். கேரளத்து மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரை மக்களவைக்கு அனுப்பியது. எளிமைக்கு எடுத்துக்காட்டாக மாற்றுக் கட்சியினரும் அவரைப் போற்றினர். 1991இல் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிந்த நாகை மாவட்டம் சில ஆண்டுகள் அவர் பெயரைத் தாங்கியது. 1997இல் தலைவர்கள் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டபோது அப்பெயரும் நீங்கியது. மக்கள் உள்ளத்திலிருந்து நீங்கவில்லை.

கோட்டையை வென்றவரும் இழந்தவரும் ஒரே வளாகத்தில் உறங்குகின்றனர். அவர்களுக்குரிய தீர்ப்பு இறைவனிடம் உள்ளது. அது நம் வேலையன்று. ஆனால் இரு கேள்விகள் நமக்கும் உரியவை. கொடுத்த வாக்கு என்னவாயிற்று? பட்ட கடனை யார் அடைத்தார்? நாடாள்வோருக்கு மட்டுமன்றி, ஜமாஅத்தின் பொறுப்பில் அமர்வோருக்கும், பொதுப்பணத்தைக் கையாள்வோருக்கும், வீட்டுப் பொறுப்பைச் சுமப்போருக்கும் இக்கேள்விகள் பொருந்தும். நம் ஜனாஸாவின் போது வாரிசு எழுந்து நின்று கேட்கும்பொழுது, கூட்டத்தில் எவரும் வாய் திறக்கத் தேவையில்லாதவாறு வாழ்வதே ஒரு மனிதன் விட்டுச்செல்லக்கூடிய சிறந்த சொத்தாகும்.