பத்துத் துப்பாக்கிகளும் ஒரு திருப்புளியும்

பழுதடைந்த உறுப்பொன்றைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் வாங்கிய புதிய உறுப்பை அதன் இடத்திற் பூட்டுவது இன்று எவர்க்கும் எளிய செயல். மிதிவண்டியாயினும் தையற்பொறியாயினும் நாம் இதனை வியப்பின்றிச் செய்கின்றோம். ஆயின், மனிதன் இவ்வசதியைப் பெறுவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பாடுபட்டான் என்பதையும், அப்பாடு துப்பாக்கிப் பட்டறைகளிலேயே நிகழ்ந்தது என்பதையும் பலர் அறியார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் துப்பாக்கி ஒவ்வொன்றும் தனிப்பிறவியாகவே இருந்தது. கம்மியன் அரத்தினால் அராவி, ஓர் உறுப்பை மற்றோர் உறுப்புக்குப் பொருந்தச் செய்தான். ஒன்றின் வில் மற்றொன்றுக்குப் பொருந்தாது. போர்க்களத்தில் சிறு ஆணி ஒன்று முறிந்தாலும், தேர்ந்த கம்மியன் ஒருவன் வந்து புதிதாகச் செய்து கொடுக்கும்வரை அத்துப்பாக்கி வெறுங் கட்டையே.

இந்நிலையை மாற்ற முயன்றவருள் முதன்மையானவர் பிரான்சு நாட்டுக் கம்மியர் ஒனொரே பிளாங்க். 1785ஆம் ஆண்டு, பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சன் அவரது பட்டறைக்குச் சென்றார். ஐம்பது சுடுபொறிகளின் உறுப்புகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஜெபர்சன் கைக்கெட்டியவற்றை எடுத்துத் தாமே பூட்டிப் பார்த்தார். அவை செவ்வனே பொருந்தின. எனினும் கம்மியர் எதிர்ப்பினாலும், அரசின் ஆதரவு நிலைக்காமையினாலும் பிரான்சில் இம்முயற்சி வேரூன்றவில்லை.

அமெரிக்காவில் எலி விற்னி 1798இல், 10,000 துப்பாக்கிகளை இரண்டு ஆண்டுகளிற் செய்து தருவதாக ஒப்பந்தஞ் செய்தார். முடிக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. உறுப்பு மாற்றத்தின் தந்தை என நெடுங்காலம் அவரைப் போற்றினர். ஆனால் எஞ்சியுள்ள அவரது துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர் பிரித்துப் பார்த்தபோது, உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. புகழ் ஓரிடத்திலும் உழைப்பு வேறிடத்திலும் இருப்பது வரலாற்றிற் புதுமையன்று.

அவ்வுழைப்புக்குரியவருள் ஒருவர் ஜோன் ஹோல். ஹார்ப்பேர்ஸ் பெரி படைக்கலச் சாலையில் 1819 முதல் அவர் பணியாற்றினார். உறுப்புகளைக் கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் மதிப்பிடும் வழக்கத்தை விடுத்து, உருக்கினாற் செய்த அளவுகோல்களால் சோதித்தார். அராவும் வேலையைப் பொறிகளிடம் ஒப்படைத்தார். 1826இல் அரசு அனுப்பிய ஆய்வாளர், நூறு துப்பாக்கிகளைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, புதிய கட்டைகளிற் பூட்டுவித்து வெற்றி கண்டனர். 1834 அளவில் கனெற்றிக்கற்றில் சிமியன் நோர்த் செய்த உறுப்புகளும், தொலைவிலுள்ள ஹார்ப்பேர்ஸ் பெரியிற் செய்யப்பட்டவையும் தம்முள் மாறிப் பொருந்தின.

இவ்வெற்றிக்கு விலை கொடுத்தவர் தொழிலாளரே. தன் விருப்பப்படி வந்து, தன் திறமைக்கேற்பப் பணியாற்றிய கம்மியன், மணிக்கூட்டுக்கும் பொறிக்கும் கட்டுப்பட்டவன் ஆனான். 1842இல் ஹார்ப்பேர்ஸ் பெரித் தொழிலாளர் வேலையை நிறுத்தி, கால்வாய் வழியே படகேறி வாஷிங்டன் சென்று, சனாதிபதி ரைலரிடம் முறையிட்டனர். அவர் அன்புடன் வரவேற்றார். ஆயினும் வேலைக்குத் திரும்புமாறே கூறினார்.

1851இல் இலண்டனில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் அமெரிக்கத் துப்பாக்கிகளைக் கண்டு ஆங்கிலேயர் வியந்தனர். 1854இல் அவர்கள் அனுப்பிய குழு ஸ்பிறிங்பீல்ட் படைக்கலச் சாலையை அடைந்தது. 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கொன்றாகச் செய்யப்பட்ட பத்துத் துப்பாக்கிகளைக் குழுவினர் தெரிந்தெடுத்து, தம் கண்முன்னே பிரிக்கச் செய்து, உறுப்புகளைக் கலந்துவிட்டனர். பின் அவற்றை மனம்போனபடி எடுத்து நீட்டினர். தொழிலாளி ஒருவன் திருப்புளி ஒன்றை மட்டுமே கருவியாகக் கொண்டு பத்தையும் பூட்டி முடித்தான். அரத்துக்கு அங்கே வேலையில்லை! விரைவில் அமெரிக்கப் பொறிகள் கடல் கடந்து இங்கிலாந்தின் என்பீல்ட் சாலையை அடைந்தன.

படைக்கலச் சாலையிற் பிறந்த இம்முறை பின்னர் தையற்பொறிக்கும், மிதிவண்டிக்கும், மோட்டார் வண்டிக்கும் பரவி உலகெங்குஞ் சென்றது. உயிரைப் பறிக்கும் கருவிக்காகத் தேடிய அறிவு, ஏழையின் வீட்டுத் தையற்பொறியைப் பழுதுபார்க்கவும் உதவுகின்றது. அறிவு எங்குப் பிறந்தது என்பதினும், அதனை எதற்குப் பயன்படுத்துகின்றோம் என்பதே மனித குலத்தின் முன்னுள்ள வினா.