சாளர ஒளிபுகுமை

கணினியில் ஒரு நிரலின் சாளரத்துக்குப் பின்னால் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும்படி அதை மெலிதாக்கிக் காட்டும் உத்தி. பளிங்கு போலத் தெளிவாகவும் பனி படிந்த கண்ணாடி போல மங்கலாகவும் அமையும். பின்னதே பெருவழக்கு, ஏனெனில் மேலுள்ள எழுத்தும் அடியிலுள்ள எழுத்தும் கலந்துவிட்டால் இரண்டையுமே படிக்க முடியாது.

1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவரும் படப்புள்ளியின் மூன்று நிற அளவுகளோடு, அது எவ்வளவு மறைக்கும் என்ற நான்காம் அளவையும் சேர்த்தனர். அதுவே ஆல்ஃபா.

மேசைக் கணினிக்குச் சாளர ஒளிபுகுமையை முதலில் கொண்டுவந்தது யார் என்பது கணக்கிடும் விதத்தைப் பொறுத்தது. ஆப்பிளின் அக்வா இடைமுகத்தை ஸ்டீவ் ஜாப்ஸ் 2000 ஜனவரியில் காட்டினார். முழுமையான வெளியீடு 2001 மார்ச்சில்தான். இடையே, 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000, சாளரத்தின் மறைப்பளவை 0 முதல் 255 வரை குறிக்க நிரலாளருக்கு வழிவிட்டது.

லினக்ஸில் கதை வேறு. அதன் எக்ஸ் சாளர அமைப்பு நெடுங்காலம் ஒளிபுகுமையை அறியாதிருந்தது. ஈடெர்ம், ஏடெர்ம் போன்ற முனைய நிரல்கள் பாசாங்கு செய்தன: தாம் நிற்கும் இடத்துக்குரிய பின்னணிப் படத் துண்டை நகலெடுத்துத் தம்மேல் பூசிக்கொண்டன. நகர்த்தினால் துண்டும் மாறும். நடுவே வேறொரு சாளரம் இருந்தாலோ குட்டு வெளிப்படும். அந்தச் சாளரம் தெரியாது, அதற்கும் அடியிலுள்ள பின்னணிப் படத்தின் மலையோ கடலோதான் தெரியும். ‘போலி ஒளிபுகுமை’ என்றே இதற்குப் பெயர். 2004இல் கீத் பக்கார்டின் உழைப்பில் உருவான காம்போசிட் நீட்சி, ஒவ்வொரு சாளரத்தையும் நேரே திரையில் வரையாமல் நினைவகத்தில் தனித்தனியே வரைந்துவைத்துப் பின்னர் கலக்க வழிசெய்தது. 2006 தொடக்கத்தில் நோவெல் நிறுவனத்தின் டேவிட் ரெவ்மன் வெளியிட்ட காம்பிஸ், அந்தக் கலப்பு வேலையை வரைகலை அட்டையிடம் ஒப்படைத்தது. சாளரத்தைப் பிடித்து இழுத்தால் கூழாக நெளியும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் படிப்படியாகக் கரையும். அவ்வாண்டே காம்பிஸிலிருந்து பெரில் என்ற கிளைத் திட்டம் பிரிந்தது. நிரல் பற்றிய வேறுபாடு என்பர் சிலர், திட்டத்தை யார் நடத்துவது என்ற பிணக்கு என்பர் வேறு சிலர். 2007இல் இரு தரப்பும் காம்பிஸ் ஃபியூஷனாக மீண்டும் இணைந்தன.

2007 ஜனவரி 30இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் ஏரோ இடைமுகம், சாளரக் கண்ணாடியின் நிறத்தையும் அடர்த்தியையும் பயனரே மாற்றிக்கொள்ள விட்டது. மலிவான ஹோம் பேசிக் பதிப்புக்கு அந்தக் கண்ணாடி கிடைக்கவில்லை. 2012இல் விண்டோஸ் 8 அதைக் கைவிட்டது.

மங்கல் கண்ணாடி 2014இல் ஆப்பிளின் யோசெமிட்டி இயங்குதளத்திலும், 2017இல் விண்டோஸ் 10இன் அக்ரிலிக்கிலும் திரும்பியது. விண்டோஸ் 11இன் மைகா அடியிலுள்ள சாளரங்களைக் காட்டுவதில்லை. பின்னணிப் படத்தின் சாயலை மட்டும் ஏற்கிறது. ஈடெர்ம் பயன்படுத்தியவர்களுக்கு இது பழகிய வித்தைதான். 2025இல் ஆப்பிள் லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றத்தை வெளியிட்டது. கண் கூசுவோருக்காக மேக், விண்டோஸ் இரண்டிலுமே ஒளிபுகுமையைத் தணிக்கும் அமைப்பு உண்டு.